மொட்டைக் கடிதாசி இப்போது செல்போனில் வருகிறது!



இந்தப் பகுதியில் நீங்கள் எழுதும் அனுபவங்களை ஒன்று விடாமல் படித்து வருகிறவள் நான். மாமியார் பிரச்னை, பிள்ளைகள் படிப்பு, நகைச் சீட்டில் ஏமாந்த கதை என்று எத்தனையோ படித்துவிட்டு, "நமக்கெல்லாம் எழுத என்ன இருக்கிறது?" என்று நினைத்ததுண்டு. எழுதும்படியாக எனக்கும் ஒன்று நடந்துவிட்டது. என் பெயரையும் ஊரையும் மட்டும் வெளியிட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக் கொண்டிருக்கிறேன். பயத்தினால் அல்ல. வீட்டில் வயசுப் பெண் இருக்கிறாள், அவளுக்காக.

நான் பத்தாவது வரை படித்தவள். வயது முப்பத்தாறு. கணவர் நூல் மில்லில் சூப்பர்வைசர். ஒரு மகள், ஒரு மகன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது என்று மாதம் நாலாயிரம், ஐயாயிரம் பார்க்கிறேன். தையல்காரிக்கு நல்ல பெயர்தான் முதல். அளவு கொடுக்க வருகிற பெண்கள், "அவ வீட்டுக்குப் போனா பயமில்லாம உள்ளே உக்காரலாம்" என்று நம்பித்தானே வருகிறார்கள்?

ஸ்மார்ட் போன் என் கைக்கு வந்தது 2020-ல், கொரோனா ஊரடங்கில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக. பள்ளிக்கூடம் திறந்த பிறகு போன் எனக்கே தங்கிவிட்டது. நானும் நாலு பேரைப் போல ஒரு கணக்கு ஆரம்பித்து, வாசலில் போடும் கோலம், தைத்த ஜாக்கெட் டிசைன் இவற்றை எல்லாம் போட்டோ எடுத்துப் போடுவேன். "சூப்பர் அக்கா" என்று நாலு பேர் எழுதினால் அன்றைக்குச் சமையல் கூட ருசியாக வரும்! (சிரிக்காதீர்கள், உங்களுக்கும் அப்படித்தான்.)

நடந்தது 2024-ம் வருஷம் ஆடி மாதத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாத்தூரில் இருக்கும் என் நாத்தனார் போன் செய்தார். கணவருக்கு அக்கா. எடுத்த எடுப்பில், "ஏத்தா, சின்னவனை ஆஸ்பத்திரியில சேத்துருக்கேன், அவசரமா எட்டாயிரம் வேணும்னு மெசேஜ் போட்ருக்கியே, தம்பிக்குத் தெரியுமா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னவன் என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்று கொண்டிருக்கிறான்! "நான் ஒண்ணும் அனுப்பலையே மதினி" என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன். மெசேஜ்ல அக்கா, அக்கான்னு இருந்துச்சு. உன் வாயில மதினிங்கறதைத் தவிர வேற ஒண்ணு வந்ததில்லையே. சந்தேகப்பட்டுத்தான் போன் போட்டேன்" என்றார்.

அந்த ஒரு சொல்லால் என் நாத்தனாரின் எட்டாயிரம் தப்பியது.

போனை எடுத்துத் தேடிப் பார்த்தேன். இடி விழுந்தாற்போல் ஆகிவிட்டது. என் பெயர், பக்கத்தில் என் கணவர் பெயர். என் படம். நாத்தனார் மகள் வளைகாப்பில் பச்சைப் பட்டுக் கட்டிக் கொண்டு சிரித்தபடி நிற்கிறேனே, அதே படம்! கீழே நான் போட்ட மார்கழிக் கோலங்கள் வரிசையாக. பெயரில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். பெற்ற தாய் பார்த்தால்கூட என் கணக்கு என்றுதான் நினைப்பாள்.

இப்போது நான் செய்த முதல் தப்பைச் சொல்கிறேன். கை நடுங்க நடுங்க என்னுடைய சொந்தக் கணக்கை அழித்துவிட்டேன். கோலம், டிசைன், தோழிகள் எழுதியது எல்லாம் போயிற்று. இனி தொல்லை விட்டது என்று நினைத்துக் கொண்டேன். யோசித்துப் பாருங்கள்: உண்மையான நான் போய்விட்டேன். பொய்யான நான் மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்! அதன் பிறகு யார் என் பெயரைத் தேடினாலும் அவள் ஒருத்திதானே கிடைப்பாள்?

இரண்டாவது தப்பு, நாத்தனாரிடம் "யார்கிட்டயும் சொல்லிராதீங்க மதினி" என்று கெஞ்சியது. கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாமே தம்பட்டம் அடித்தது போல் ஆகிவிடும், தானாக அமுங்கிவிடும் என்று நினைத்தேன். அமுங்கவில்லை. நாலு நாள் அது பாட்டுக்கு வேலை செய்தது.

புதன்கிழமை, மூன்று வருஷமாக என்னிடம் தைக்கிற ஒரு அம்மா வந்து, பாதி தைத்த ஜாக்கெட்டைத் துணியோடு திருப்பிக் கேட்டார். "வேற இடத்துல குடுத்துக்கறேன்" என்றார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அப்போதும் எனக்கு முழுசாக விளங்கவில்லை.

வியாழன் இரவு விளங்கிற்று. கணவர் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தவர் கையை வைக்கவே இல்லை. போனை என் முன்னால் நீட்டினார். மில்லில் கூட வேலை பார்க்கிறவர் ஒருவருக்கு "நான்" அனுப்பிய மெசேஜ்கள். "சாப்டீங்களா?", "இன்னும் தூங்கலையா?", "உங்ககிட்ட பேசினா மனசுக்கு ஆறுதலா இருக்கு." எல்லாம் ராத்திரி பதினோரு மணி, பதினொன்றரை மணிக்கு. கடைசியில் மூவாயிரம் கடன் கேட்டு, அந்த ஆளும் அனுப்பியிருக்கிறார். மறுநாள் டீக்கடையில் வைத்து, "அண்ணாச்சி, வீட்ல ஏதும் கஷ்டமா?" என்று என் கணவரையே கேட்டிருக்கிறார். பக்கத்தில் நாலு பேர்.

பெண்களிடம் ஆஸ்பத்திரி என்றும், ஆண்களிடம் ஆறுதல் என்றும் பேசியிருக்கிறான். (அவனோ, அவளோ!) ஆளுக்குத் தகுந்த தூண்டில்.

"சத்தியமா அது நான் இல்லீங்க" என்றேன்.

"உன் பேரு. உன் போட்டோ. நீ போட்ட கோலம். பின்னே யாரு?" என்றார். பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன். அந்தக் கேள்வி இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

எங்களைச் சேர்த்து வைத்தது என் மகள்தான். சத்தம் கேட்டு எழுந்து வந்தவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பூரா தங்கிலீஷ்ல இருக்கு. அம்மாவுக்கு அப்படி அடிக்கவே தெரியாது. மைக்கை அமுக்கி வாயால சொல்லித்தானே அனுப்பும்?" என்றாள். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் தட்டில் கை வைத்தார்.

அன்று ராத்திரி முழுக்க நான் அழுதேன். விடியற்காலையில் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கைநாட்டு அவர். இன்டர்நெட் என்றால் என்னவென்று தெரியாது. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தானா? மொட்டைக் கடிதாசிதானே தாயி இது" என்றார்.

எழுந்து போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த பழைய பட்டுச் சேலையின் மடிப்பிலிருந்து ஒரு நீல இன்லண்டு லெட்டரை எடுத்து வந்தார். 1993-ல் என் நாத்தனாருக்குச் சாத்தூரில் மாப்பிள்ளை பேசிக் கொண்டிருந்தபோது வந்ததாம். கையெழுத்து இல்லை. பெண்ணைப் பற்றி வாயால் சொல்ல முடியாத அசிங்கம். போஸ்ட்மேன்தான் படித்துக் காட்டினாராம். மாமனார் அதைக் கிழித்து அடுப்பில் போடப் போயிருக்கிறார். மாமியார் விடவில்லை. கடிதத்தை முந்தானையில் முடிந்து கொண்டு, பஸ் ஏறி, நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார்!

"'எங்க பொண்ணைப் பத்தி இப்படி ஒரு கடிதாசி வந்துருக்கு. உங்களுக்கும் ஒண்ணு வந்துருக்கும், இல்ல நாளைக்கு வரும். படிச்சுக்குங்க. எங்க ஊர்ல வந்து யாரை வேணும்னாலும் விசாரிச்சுக்குங்க. மனசுக்குப் பிடிச்சா பேசுவோம்'னு சொன்னேன். அவங்களுக்கும் வந்துதான் இருந்துச்சு. எடுத்துட்டு வந்து வச்சாங்க. ரெண்டும் ஒரே கையெழுத்து. அந்த மாப்பிள்ளைக்குத்தான் அவளைக் கட்டிக் குடுத்தேன். கிழிச்சுப் போட்டிருந்தா அது நெசம்னு ஆகிப் போயிருக்கும் தாயி."

நான் செய்ததற்கு நேர் எதிராக அவர் செய்திருக்கிறார். நான் அழித்தேன், அவர் வைத்திருந்தார். நான் ஒளித்தேன், அவர் முந்திக் கொண்டு போய்ச் சொன்னார். முப்பத்தோரு வருஷம் கழித்தும் அந்தக் கடிதம் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. எத்தனையோ தடவை மாமியாரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அன்று காலில் விழுந்தேன்.

அன்று மில்லுக்கு லீவு போடச் சொல்லிக் கணவரையும் உட்கார வைத்து, மகளை வைத்துக் கொண்டு ஆரம்பித்தோம். முதலில் சாட்சி. என் போனில்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே! நாத்தனாரிடமும், மெசேஜ் வந்த மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகக் கேட்டு ஸ்கிரீன்ஷாட் வாங்கினோம். மெசேஜ் மட்டும் போதாது. தேதி, நேரம், அனுப்பியவர் பெயர், பணம் போடச் சொன்ன போன் நம்பர் எல்லாம் தெரிய வேண்டும். இன்னொன்று, அந்தப் போலிக் கணக்கின் லிங்க். இது எனக்குத் தெரியாத விஷயம். பெயரையும் படத்தையும் அவன் எந்த நிமிஷமும் மாற்றிக் கொள்ளலாம். லிங்க்தான் வீட்டுக் கதவு நம்பர் மாதிரி. அந்தக் கணக்கின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் லிங்க்கைக் காப்பி எடுக்க வழி வருகிறது. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைத்துக் கொண்டு, ஜெராக்ஸ் கடையில் பிரிண்டும் எடுத்தோம்.

பிறகு அந்தத் தளத்திலேயே, "வேறு ஒருவர் போல நடிக்கிறார்" என்று புகார். கணக்கு இல்லாதவர்களும் புகார் கொடுக்கப் படிவம் வைத்திருக்கிறார்கள். அடையாள அட்டை கேட்டது, கொடுத்தோம். நாத்தனார் வீட்டார், என் தம்பி, சித்தி மகள்கள் என்று பத்துப் பதினைந்து பேரும் தனித்தனியாகப் புகார் செய்தார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டு வந்த விதியில், இப்படி ஒருவர் போல் வேஷம் போட்டாலோ, ஒரு பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து போட்டாலோ, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அப்போது கெடு வைத்திருந்தார்கள். தளங்களுக்கு இந்தியாவிலேயே குறை தீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இதெல்லாம் நமக்கு யார் சொன்னார்கள்?

அடுத்து மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளம். 2019-ல் ஆரம்பித்தது. விலாசம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். பெண்கள், குழந்தைகள் பற்றிய குற்றத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். நான் பெயரோடுதான் கொடுத்தேன். அப்போதுதான் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியும்.

பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் போன பேங்குக்குத் தகவல் கொடுத்து, எடுப்பதற்கு முன் நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். மூவாயிரம் போட்ட அந்த மில்காரர் என்ன செய்தார் தெரியுமா? "விடுங்க அண்ணாச்சி, போனது போகட்டும்" என்றார். புகார் கொடுத்தால் ராத்திரி பதினொன்றரை மணிக்கு என்ன பேசினார் என்பது வெளியே வருமே! அப்புறம் அவர் சம்சாரமே பக்கத்தில் நின்று போன் போட வைத்தாள். அதற்குள் எட்டு நாளாகிவிட்டது. பணம் திரும்பி வரவில்லை.

கணவரும் நானும் மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்கும் போனோம். போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியது அதுதான் முதல் தடவை. முந்தானையை இழுத்துப் போர்த்திக் கொண்டு தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த பெண் எஸ்.ஐ., "திருடு குடுத்தவங்க நீங்க. நீங்க ஏம்மா தலையைக் குனிஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை பீறிட்டு வந்தது.

அவர் சொல்லித்தான் சட்டமும் தெரிந்தது. இன்னொருவர் போல வேஷம் போட்டுக் கம்ப்யூட்டர், போன் மூலம் ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று வருஷம் வரை ஜெயிலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் எடுப்பது, அனுப்புவது 66இ பிரிவில் வரும். ஆபாசமாக வெளியிட்டால் 67-வது பிரிவு. பிரிண்ட் எடுத்துப் போயிருந்ததால் சுலபமாக இருந்தது. மனு வாங்கிக் கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அந்த ஒரு காகிதம் எனக்கு எத்தனை உதவியது என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொரு விஷயமும் அவர் சொன்னார். என் கதை பணத்தோடு போயிற்று. சில பெண்களுக்கு, முகத்தை மட்டும் எடுத்து வேறு உடம்போடு ஒட்டி, "பணம் கொடு, இல்லை என்றால் உன் வீட்டுக்காரருக்கு அனுப்புவேன்" என்று மிரட்டல் வருகிறதாம். இப்போது ஏ.ஐ. வந்த பிறகு சேலை கட்டிய சாதாரணப் படத்தையே அப்படி மாற்றிவிடுகிறார்கள். பயந்து ஒரு தடவை பணம் கொடுத்தால் அதோடு விடமாட்டான், திரும்பத் திரும்பக் கேட்பான். மிரட்டுகிறவனோடு பேச்சை நிறுத்திவிட வேண்டும். ஆனால் வந்த மெசேஜை அழிக்கக் கூடாது.

அந்தரங்கப் படம் விஷயமாகப் பயம் இருந்தால் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. டாட் ஆர்க் என்று ஒரு தளம் 2021 டிசம்பரில் இருந்து இருக்கிறது. நம் படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே படத்துக்குக் கைரேகை போல ஒரு குறியீடு தயாராகி, அது மட்டும்தான் போகும். அதில் சேர்ந்திருக்கிற ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் யாராவது அந்தப் படத்தை ஏற்றினால் கண்டுபிடித்துத் தடுப்பார்கள். அது பதினெட்டு வயது ஆனவர்களுக்கு. பதினெட்டுக்கு உட்பட்ட வயதில் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்று வேறு ஒரு தளம். அதற்கும் காசு இல்லை. வயசுப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

போலிக் கணக்கு மூன்றாம் நாள் போய்விட்டது. செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. பணம் போடச் சொன்ன நம்பர் வேறு மாநிலத்தில் யாரோ பெயரில் இருந்ததாம். அதோடு நிற்கிறது. எனக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை என்பதில் கொஞ்சம் நிம்மதி. அதுவரை யாரைப் பார்த்தாலும் "இவளாக இருக்குமோ?" என்று தோன்றிக் கொண்டே இருந்தது. அது தனி நரகம்.

கணக்கு போய்விட்டது. ஆனால் தெருவில் இருந்த பேச்சு போகவில்லையே! அதற்கு ரிப்போர்ட் பட்டன் கிடையாது. மாமியார், "போ, வீடு வீடாப் போயிச் சொல்லிட்டு வா" என்றார். சி.எஸ்.ஆர். ரசீதின் ஜெராக்ஸைக் கையில் வைத்துக் கொண்டு முதலில் ஐந்து வீடு. "என் பேர்ல யாரோ போலிக் கணக்கு ஆரம்பிச்சு காசு கேட்டிருக்காங்க. போலீஸ்ல மனு குடுத்தாச்சு. உங்க வீட்ல யாருக்காவது வந்திருந்தா அழிக்காம எனக்கு அனுப்புங்க." இவ்வளவுதான் சொன்னேன். அழவில்லை, விளக்கவில்லை. இதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும், சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டேன். நம்ப மாட்டீர்கள், எங்கள் தெருவில் மட்டும் இன்னும் மூன்று வீட்டில் மெசேஜ் வந்திருந்தது. ஒரு அம்மா இரண்டாயிரம் அனுப்பிவிட்டு, "நீயே திருப்பித் தருவேன்னு இருந்தேன்" என்றார்! ஒரு வாரம் முந்திச் சொல்லியிருந்தால் அந்தக் காசு தப்பியிருக்கும். அந்தப் பாவம் எனக்குத்தான்.

எல்லோரும் நல்ல விதமாகக் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தி வாசலிலேயே நிற்க வைத்து, "நெருப்பில்லாமப் புகையுமா?" என்றாள். "புகை போடறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் இன்றுவரை என்னிடம் துணி கொடுப்பதில்லை. போகட்டும். பாதி ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கிய அம்மா தீபாவளிக்கு நாலு துணியோடு வந்தார். "ஆளுக்கொண்ணு சொன்னாக..." என்று ஆரம்பித்தார். "அளவு பழைய அளவுதானேம்மா?" என்று கேட்டு நிறுத்திவிட்டேன்.

என் கணவர் மன்னிப்பு என்று வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் அதே டீக்கடையில், அதே ஆட்கள் இருக்கும்போது, ரசீதைப் பெஞ்சில் வைத்து எல்லோரையும் படிக்கச் சொன்னாராம். மில்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் சொல்லவே இல்லை.

"இதுக்குத்தான் பொம்பளைக்குப் போன் வேண்டாங்கறது" என்று என் பெரியப்பா மகன் ஒருவர் பெரிய தீர்ப்பு வழங்கினார். நான் கேட்டேன்: "அண்ணே, நான் கணக்கை அழிச்ச பிறகுதானே நாலு நாள் அவன் ஆட்டம் போட்டான்? எங்கிட்ட போன் இல்லேன்னா வளைகாப்பு போட்டோ அவனுக்குக் கிடைக்காமப் போயிருக்குமா?" பதில் இல்லை.

உண்மையில் அந்தப் படத்தைப் போட்டது நான் அல்ல. நாத்தனார் மகன். 2023-ல் நடந்த வளைகாப்பு ஆல்பத்தை, அறுபது எழுபது படங்களை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஏற்றியிருந்தான். ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று பெயர் வேறு. பிள்ளை ஆசையாகச் செய்தது. ஆனால் எங்கள் குடும்பத்துப் பெண்கள் அத்தனை பேர் முகமும் பெயரும் அங்கே கடை விரித்த மாதிரி! "குடும்பத்தார் மட்டும் பார்க்கிற மாதிரி மாத்துப்பா" என்றதற்கு நாத்தனாருக்குக் கொஞ்சம் மனக் கஷ்டம்தான். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு சரியாகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டு விசேஷம் என்றால் போட்டோ போடும் முன் பெண்களைக் கேட்டுக் கொண்டுதான் போடுகிறார்கள். பந்தியில் குனிந்து சாப்பிடும்போது எடுத்த படத்தை எல்லாம் போடுவதில்லை. அதற்காகவாவது சந்தோஷம்!

நான் அப்போது பதறியதில் கவனிக்காத ஒன்றை மகள்தான் பிறகு கண்டுபிடித்தாள். அத்தனை சொந்தக்காரர்களும் மில் ஆட்களும் அவனுக்கு எப்படித் தெரிந்தார்கள்? என் நண்பர்கள் பட்டியலைத் திறந்து போட்டிருந்தேன். அதைப் பார்த்து ஒவ்வொருவராகப் பிடித்திருக்கிறான். ஃபேஸ்புக்கில் அந்தப் பட்டியல் நமக்கு மட்டும் தெரியும்படி மாற்றி வைக்கலாம். கணக்கையே பூட்டுகிற வசதியும் 2020-ல் இருந்து இந்தியாவில் இருக்கிறது. பூட்டினால் நண்பர் அல்லாதவர் நம் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவோ, இறக்கிக் கொள்ளவோ முடியாது. வாட்ஸ்அப்பில் பிரைவசி என்ற இடத்தில், முகப்புப் படத்தைப் போனில் நம்பர் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். அக்கவுண்ட் என்ற இடத்தில் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க ரகசிய எண்ணும் போட்டாயிற்று. யாராவது போனில், "ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கக்கா" என்றால் தெய்வமே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. சொன்னால் நம் வாட்ஸ்அப்பே அவன் கைக்குப் போய்விடும்.

தையலுக்கு இப்போது தனி நம்பர். மறுபடி ஒரு கணக்கு ஆரம்பித்திருக்கிறேன். கோலமும் டிசைனும் மட்டும் போடுகிறேன். மாதம் ஒரு தடவை, அமாவாசைக்குத் தலைக்குக் குளித்த கையோடு, என் பெயரையும் போன் நம்பரையும் கூகுளில் போட்டு என்ன வருகிறது என்று பார்த்துவிடுவது பழக்கமாகிவிட்டது. மாமியார் கேலி செய்கிறார். செய்யட்டும்.

போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். பின்தெருவில் இருக்கும் பெண் ஒருத்தி வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "அக்கா, என் பேர்லயும் ஒண்ணு வந்திருக்குக்கா. அவருக்குத் தெரியறதுக்குள்ள அழிச்சிரட்டுமா?" என்று போனை நீட்டினாள்.

நான் வாய் திறப்பதற்குள், உள்ளே படுத்திருந்த என் மாமியார் குரல் கொடுத்தார். "அழிக்க வேண்டாம்னு சொல்லு தாயி. அவ புருஷனையும் கையோட கூட்டிட்டு வரச் சொல்லு. நான் அந்தக் கடிதாசியை எடுத்து வைக்கிறேன்."

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
விருதுநகர் மாவட்டம்.